தேய்ந்த டிரம் போட்ட தாடி

ஜெராக்ஸ் கடை என்பது திட்டு வாங்கிப் பிழைக்கும் தொழில். நகல் மங்கினால் திட்டு, பளிச்சென்று வந்தால் அதற்கும் திட்டு. இதே தொழிலில் கை கறுத்த சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? தொண்ணூறுகளின் கடைசியில் ஆவடி ஸ்டேஷன் பக்கம் எங்கள் கடை. ஜெராக்ஸ் மெஷினைச் செல்வி பார்த்துக்கொண்டாள். புதிதாக வந்த கம்ப்யூட்டர் என் பொறுப்பு.

சுவரில் ஒட்டப்போகிற முகம்

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த துணிக்குப் பிசிறு வெட்டும் வேலை. மறதி நோய் வந்த கணவர் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. ‘காணவில்லை’ போஸ்டர் வேண்டும். கல்யாண வீட்டில் எடுத்த கும்பல் போட்டோ ஒன்றில் மனிதர் ஓரமாக, நாலு நாள் தாடியும் ஒட்டிய கன்னமுமாக நின்றிருந்தார்.

அப்படியே போடலாம் என்றேன். அக்கா விடவில்லை. கம்ப்யூட்டரில் தாடியை எடுத்து, கன்னத்தை நிரப்பி, தலையைப் படிய வைத்துக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “செவுத்துல ஒட்டப்போறது தம்பி. தாடியோட போட்டா அந்தாளு வந்து என்னத்தான் திட்டும்.”

கபடி வீரர்கள்

போஸ்டரில் எங்கள் கடை போன் நம்பர்தான். மணி அடித்தால் நானும் செல்வியும் முட்டி மோதிக்கொண்டு எடுப்போம். ஒரு தகவலும் வரவில்லை. வேலை முடிந்து தினமும் வாசலில் வந்து நிற்கும் அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இதற்கிடையே அண்ணனூர் கபடி டீம் போஸ்டர் கேட்டு வந்தது. நான் மொழுமொழுவென்று செய்த போஸ்டரைப் பார்த்து முகம் சுளித்தார்கள். செல்வி உடனே, உள்ளே உருளும் டிரம் தேய்ந்துபோன பழைய ஜெராக்ஸ் மெஷினில் வெள்ளைத்தாளை வைத்து ஒரு நகல் எடுத்தாள். தாளெல்லாம் புள்ளியும் கீறலும்! அதை ஸ்கேன் செய்து வீரர்கள் படத்தின் மேல் ஏற்றினேன். கேப்டனுக்கு வாயெல்லாம் பல்: “இப்பத்தான் அண்ணாத்தே ஆடுற பசங்க மாதிரி கீறோம். முன்ன பொண்ணு பாக்கப் போறவனுங்க மாதிரி இருந்துச்சு.”

இன்னொரு போஸ்டர்

அவர்கள் போனதும் செல்வி, பாக்கியம் அக்கா கணவரின் போஸ்டரைக் காட்டினாள். “இவரும் பொண்ணு பாக்கப் போறவரு மாதிரிதான் இருக்காரு. எதிர்ல வந்தா எனக்கே அடையாளம் தெரியாது.” எனக்குச் சுருக்கென்றது. பழைய போட்டோவை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். சின்ன முகத்தைப் பெரிதாக்கியதில் தாடி வெளுத்துப் போயிருந்தது. தேய்ந்த டிரம்மின் புள்ளிகளைத் தாடையில் மட்டும் தூவினேன். கன்னக்குழியில் கொஞ்சம் கறுப்பு.

திட்டுவார் என்று நான் நினைத்த அக்கா, தாளைத் தடவிப் பார்த்தார். “இதான் தம்பி என் ஊட்டுக்காரு.”

குமணன்சாவடியிலிருந்து போன்

டீக்கடைக்காரர் ஒருவர் பேசினார். “உங்க போஸ்டர்ல கீறவரு எங்க பெஞ்சுலதான் குந்திகினு கீறாரு. அதே தாடி.” அக்காவோடு நானும் ஓடினேன். பெயர் என்ன என்று கடைக்காரர் கேட்டதற்கு விழித்த மனிதர், அக்காவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவே இல்லை.

திரும்பும் வழியில் எங்கள் கடைச் சுவரிலிருந்த போஸ்டரை உற்றுப் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆனது. “இன்னாடி, ஷேவிங் பண்ணாத மூஞ்சியையா ஊரெல்லாம் ஒட்டிவச்சுக்கீற?” அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “திட்டுய்யா, நல்லாத் திட்டு.”

அந்தக் கடையில் வாங்கிய எத்தனையோ திட்டுகளில், நானும் செல்வியும் அக்காவும் பங்குபோட்டுக்கொண்டு சந்தோஷமாக வாங்கியது அது ஒன்றுதான்.