அக்கா வீட்டு வாசலில் கொட்டிய குப்பை

என் அக்கா ஒரு கையை இழந்ததும், பிறகு உயிரை விட்டதும் என்னால்தான். ஊரில் சர்க்கரை என்று சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலும் அதுதான் இருக்கிறது. நானும் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அந்தக் கையில் ஏறிய கண்ணாடிச் சில்லு நான் கொட்டிய குப்பையில் கிடந்தது.

புத்தூரிலிருந்து சத்தியவேடு போகிற வழியில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் தெலுங்கு. எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அம்மாவும் நைனாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என்னைவிட ஒன்பது வயது பெரியவளான அக்காதான் நாற்று நட்டும், வேர்க்கடலை பிடுங்கியும், மாங்காய்க் காலத்தில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கொட்டை எடுத்தும் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள்.

ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் கூட்ரோட்டில் காலையிலும் சாயங்காலமும் வெள்ளை பஸ்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. கம்பெனி யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர்களுக்காகக் கடைகள் முளைத்தன. டீ பிளாஸ்டிக் கவரில், சாம்பார் கவரில், தண்ணீர் பாக்கெட்டில். என் வீட்டுக்காரரும் சென்ட்ரிங் வேலைக்கென்று சென்னைப் பக்கம் போய்விட்டார், மாதம் ஒருமுறை வருவார், அவரும் இரண்டு கை நிறைய கவரோடுதான் வருவார். ஏரிக்கால்வாய் அடைத்துக்கொண்டது. ஒரு ஆடு செத்து, அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைய கவர். அதற்குப் பிறகுதான் ரூல் வந்தது. கடையில் கவர் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு இரண்டு டப்பா. ஈரக் குப்பைக்குப் பச்சை, காய்ந்த குப்பைக்கு நீலம். வீடு வீடாகப் போய் எடுக்க ஒரு மூன்று சக்கர வண்டி, அதைத் தள்ள எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள். நான் போய் நின்றேன்.

அக்காவுக்கு அப்படியொரு கோபம். "குப்பை வண்டி தள்றதுக்கா உன்ன பத்தாவது வரிக்கும் படிக்க வெச்சேன்? எங்கனா கம்பெனியில போயி ஒக்காந்துக்கினு வேலை செய்யக்கூடாதா? நம்ம தெருவுல இருந்துதான் இதுக்கு ஆளு வருவாங்கன்னு அவனுங்க நெனச்சிக்கினு இருக்கறது செரிதான்னு காட்டப் போறியா?" என்றாள். இனி என்னோடு பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் விசிலை ஊதிக்கொண்டு அவள் வீட்டு முன்னால் போய் நின்றால், இரண்டு டப்பாவும் வாசலில் தயாராக இருந்தன. பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து மடித்துப் போட்டிருந்தாள். "இன்னாக்கா, பேச்சு இல்லன்னு சொன்ன?" என்றேன். "உன்கூட எவ பேசனா? நான் வண்டிகிட்ட பேசறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்கு வேலை சுலபமாக இருக்கட்டும் என்றுதான் அவள் அத்தனை சுத்தமாகப் பிரித்தாள். அது எனக்குத் தெரியும், அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

என் வாய் மோசம். அதை மறைக்க ஒன்றுமில்லை. சோற்றுக்குள் பேட்டரி, கருவேப்பிலைக்கு அடியில் பிராந்தி பாட்டில், கீரைத்தண்டோடு குழந்தையின் நாப்கின் என்று கலந்து வைத்த வீடுகளில் ஏறி நின்று கத்துவேன். "அறிவு இருக்குதா? இத்த நான் கையில பொறுக்கணுமா? உங்க வூட்டு சோத்த இப்பிடிதான் பிசைஞ்சி துன்றீங்களா?" என்பேன். பஞ்சாயத்து செக்ரெட்ரி ஒன்றுதான் சொல்லியிருந்தார். கலந்த குப்பையை எடுக்க வேண்டாம், சொல்லிவிட்டு வந்துவிடு என்றார். கொட்டு என்று அவர் சொன்னதே இல்லை. அது என் திமிர்.

அந்த வருஷம் பங்குனி வாக்கில் அக்கா வீட்டு டப்பா தப்ப ஆரம்பித்தது. நீலத்தில் சோறு. நானே பொறுக்கி மாற்றினேன். இரண்டு நாள் கழித்துப் பச்சையில் பிஸ்கட் கவர். அவள் மகனுக்கு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, இனி பெண் பார்க்கவேண்டியதுதான், அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாமா செத்த பிறகு அவளுக்கு இருந்ததே அந்த ஒரு பிள்ளைதான். இதற்கு நடுவில் மண்டல ஆபீசிலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். அன்றைக்கு அக்கா வீட்டுப் பச்சை டப்பாவின் பிடியில் அழுக்குத் துணி ஒன்று சுற்றிக் கட்டியிருந்ததைப் பார்த்தேன். சீ, என்ன கண்றாவி என்று அவிழ்த்து வண்டியில் போட்டுவிட்டு, பிடியைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து இரண்டு டப்பாவும் தலைகீழ். ஈரமெல்லாம் நீலத்தில், காய்ந்ததெல்லாம் பச்சையில்.

மேல்தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரி. அவள் கலந்து வைத்த குப்பையை நான் எடுக்க மாட்டேன் என்றேன். அவள் கடைக்கு வந்திருந்த நாலு பெண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்கக்கா வூட்டு டப்பாவ போயி பாரு மொதல்ல. அத்த மட்டும் கம்முனு எடுத்துக்கினு போற. ரூலு எங்களுக்கு மட்டும்தானா?" நாலு பேரும் சிரித்தார்கள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். தெருக் கடைசி வீடு. எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட நேரம், ஈ காக்கை இல்லை. நீல டப்பாவைத் திறந்தால் பழைய சோறு, கத்தரிக்காய்க் காம்பு, கசங்கிய கவர், எல்லாம் ஒன்றாக. உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று நான் கிளறிப் பார்க்கவில்லை.

"எத்தினி வாட்டி சொல்றது உனக்கு? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? உன்னால ஊரு சிரிக்குது என்ன பாத்து!" என்று கத்திக்கொண்டே அத்தனையையும் அவள் வாசலில் கவிழ்த்துக் கொட்டினேன்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம், அவளுக்கு அந்த உரிமை இருந்தது. "செரிடி, செரிடி, கத்தாத. நான் பிரிச்சி வெக்கறேன். வெயிலு ஏறிக்கினு வருது, நீ போ" என்றாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெறுங்கையால் தடவித் தடவிப் பொறுக்க ஆரம்பித்தாள். திருப்பத்தில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். என்னை நோகடிக்கத்தான் இவ்வளவு மெதுவாகச் செய்கிறாள் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன். மேல்தெருவுக்குத் திரும்பிப் போய், "எங்கக்கா வூட்டு குப்பையக்கூட எடுக்கல, போதுமா?" என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

நாலைந்து நாள் அவள் வாசலில் டப்பா இல்லை. எனக்கும் வீம்பு, விசில் ஊதிவிட்டுத் தாண்டிப் போனேன். பிறகு மனசு கேட்காமல் வண்டியில்லாமல் போனேன். வலது உள்ளங்கையில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தாள். தேங்காய் துருவும்போது பட்டுவிட்டது என்றாள். நம்பினேன். விடியுமுன் பஸ் ஏறி இருட்டிய பிறகு வரும் மகனும் நம்பினான். அவன் பார்த்துப் பதறுவதற்குள் முழங்கை வரை வீங்கிவிட்டது.

திருப்பதிக்குக் கொண்டுபோனோம். கட்டைப் பிரித்தபோது நர்ஸ் இடுக்கியால் ஒரு சில்லை எடுத்துத் தட்டில் போட்டாள். டிங் என்று சத்தம் வந்தது. உடைந்த கண்ணாடி டம்ளரின் விளிம்பு. தேங்காயில் டம்ளர் எங்கிருந்து வரும்?

ரத்தத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் டாக்டர் கண்ணையும் பார்த்தார். கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, எத்தனை விரல் என்று தெலுங்கில் கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்து, "மூணு சார்" என்றாள். டாக்டர் ஒரு விரலையும் காட்டவில்லை. வெறும் மூடிய கை.

மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். நான் அவள் காதருகே குனிந்து, கண்ணு தெரியாம எம்மா நாளாக்கா என்றேன்.

"தை மாசத்துல இருந்து மசமசன்னு இருந்திச்சி. அப்பறம் வெளிச்சம் மட்டும்தான்."

"ஏன்கா சொல்லல? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"அவனுக்கு பர்மனென்ட் ஆவறதுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். லீவு போட்டா பேரை எடுத்துடுவாங்களாம். எனக்கு கண்ணு போச்சின்னு தெரிஞ்சா அவன் வுட்டுட்டு ஓடியாந்துடுவான். உன்கிட்ட சொன்னா நீ விசிலு ஊதி ஊருக்கே சொல்லுவ." அந்த நிலைமையிலும் சிரித்தாள். பிறகு, "டப்பாவுக்கு மட்டும்தான்டி கஷ்டம். பச்சை எது, நீலம் எதுன்னு தெரியாது. கைக்குத் தட்டுப்படட்டும்னு பச்சையில ஒரு துணி கட்டி வெச்சிருந்தேன். யாரோ அவுத்துட்டாங்க" என்றாள்.

யாரோ என்றாள். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற வாய் அது.

"கையி தேங்கா துருவும்போதா கிழிஞ்சிது?" என்று மட்டும் கேட்டேன்.

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஆமாடி. அப்பிடியே இருக்கட்டும்."

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு மணிக்கட்டு வரை. மயக்கம் தெளிந்து கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே எனக்கு குப்பை பிரிக்கற வேலை மிச்சம்" என்றாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி நான் அலறி அழுதேன். "கத்தாதடி, அவன் வந்துடப் போறான்" என்று இடது கையால் என் வாயைத் தேடினாள். முதலில் மூக்கில் பட்டது, அப்புறம் வாயைப் பொத்தினாள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் போய்விட்டாள்.

எதற்காக மறைத்தாளோ அதுவும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்காகக் கம்பெனியில் அவன் பேரை எடுத்துவிட்டார்கள். வேறொரு கம்பெனியில் முதலிலிருந்து ஆரம்பித்தான். ஷிப்டுக்குப் போகுமுன் அவனே சமைத்து, அவனே பெருக்கி, இரண்டு டப்பாவையும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. லீவு நாளில் வெளியே வந்து, "செரியா இருக்குதா பாரு சின்னம்மா. உனக்கு கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கினே இருக்கும்" என்பான். நான் குனிந்துகொண்டே எடுத்துக் கொட்டிக்கொள்வேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"சின்னம்மா, அம்மா கையில கண்ணாடி எப்பிடி ஏறிச்சி? எனக்கு அது மட்டும் வெளங்கவே இல்ல. உன்கிட்ட எதுனா சொல்லிச்சா?"

"இல்லப்பா. எதுவும் சொல்லல" என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

"எங்கனா தடவிக்கினு போயி வுழுந்திருக்கும். நான் பக்கத்துல இருந்திருக்கணும்" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

சொல்லாமலும் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் படித்தபோது எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அவனைப் பள்ளியில் சேர்க்கும்போது, தெலுங்கு படித்தால்தான் இங்கே வேலை கிடைக்கும் என்று அக்காவிடம் சண்டைபோட்டுத் தெலுங்கில் சேர்த்துவிட்டவள் நான்தான். அவன் தமிழ் நன்றாகப் பேசுவான், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. இதைத் தமிழில் எழுதுவது அதனால்தான்.