சேலைக்கு இடமில்லாத வெப்சைட்

என் தொழில் ஃப்ளெக்ஸ். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஊரில் முதலில் தேடப்படும் ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. கல்யாணப் பத்திரிகையும் அடிப்போம். மேலநீலிதநல்லூரிலிருந்து பனவடலிசத்திரம் வரைக்கும் எந்த முக்கில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் என் கைவேலை ஒன்று காற்றில் கிழிந்து ஆடிக்கொண்டிருக்கும்.

இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு விதி. யாரையும் விட்டுவிடக் கூடாது. ஃப்ளெக்ஸில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தால் வருகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும். இங்கே சும்மாதானே கிடக்கிறது, எங்கள் சித்தப்பாவைப் போடும் என்பார். சித்தப்பாவைப் போட்டால் சித்தி வர வேண்டும். தாய்மாமன் பெயர் எத்தனாவது வரியில் வருகிறது என்பதற்காகப் பத்திரிகையைக் கட்டோடு திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் போட்டவர்கள் உண்டு. கடைசியில், இன்னும் பேச்சே வராத பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் போட்டு, 'எங்க அத்தை கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க' என்று அந்த மழலைகள் அழைப்பதாக வேறு அடிக்க வேண்டும். இதிலேயே ஊறிப்போனவன் நான். வெள்ளையாக ஓர் இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

இப்படிப்பட்ட ஒருத்தன் வெப்சைட் செய்தால் எப்படி இருக்கும்? செய்தேன். அதுவும் கட்டிய மனைவிக்கு.

அவளுடைய தாய்மாமாவுக்கு இங்கே விசைத்தறிகள் உண்டு. நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வியாபாரிகள் நூல் கொடுப்பார்கள், இவர் சேலையாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். ஊரில் பாதித் தறிகள் அப்படித்தான் ஓடுகின்றன. அந்தச் சேலைகளின் மேல் என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கோபம். கண்ணைக் குத்தும் நிறம், உடம்பெல்லாம் பூ. ஒரே நிறம், ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கரை, சுத்தமான பருத்தி, அவ்வளவு போதும், வேலைக்குப் போகிற பெண்கள் விரும்பிக் கட்டுவார்கள் என்று அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா நம்பவில்லை. ஆனாலும் மருமகள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாளே என்று இரண்டு தறிகளை அவளுக்கு ஒதுக்கினார். தீபாவளி வரைக்கும் பார்ப்போம், விற்கவில்லை என்றால் தறி பழையபடி கூலிக்கே ஓடும், அப்புறம் என்னிடம் வந்து நிற்கக் கூடாது என்றார். அவள் சரி என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்டது அந்த இரண்டு தறிகள்தான்.

நெட்டில் விற்கலாம் என்று அவள் சொன்னதும் நான் குறுக்கே விழுந்தேன். வெளியாளிடம் கொடுப்பானேன், வீட்டுக்குள்ளேயே ஒரு கலைஞன் இருக்கிறேனே என்றேன். ராத்திரி பகலாக வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வெப்சைட்டை முடித்தேன்.

திறந்த உடனே ஒரு குத்துவிளக்கு தானாக எரியும். நாதஸ்வரம் முழங்கும். மேலிருந்து ரோஜாவும் மல்லிகையும் உதிர்ந்துகொண்டே இருக்கும். 'வருக வருக' என்று எழுத்து இடமிருந்து வலமாக ஓடும், இன்னொன்று வலமிருந்து இடமாக ஓடும். அதற்குக் கீழே கைகூப்பிய நிலையில் மாமா, தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்துடன். மாமாவின் பெட்டிக்குள்ளேயே தொடர்புக்கு என்று இரண்டு செல் நம்பர்கள், ஒன்று அவருடையது, ஒன்று என் மனைவியுடையது. பிறகு காலமாகிவிட்ட என் மாமனார், 'நல்லாசியுடன்'. என் அப்பா, அம்மா. துபாயில் இருக்கும் மச்சான், பின்னால் உயரமான கட்டடத்தோடு. புளியங்குடியில் எலுமிச்சம்பழ மண்டி வைத்திருக்கும் என் சித்தப்பா. எங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஒரு கவுன்சிலர். கடைசியில் மழலைகள், 'எங்க அத்தை சேலையை மறக்காம வாங்குங்க'. அதற்கும் கீழே போனால் சேலைகள் இருந்தன. தபால்தலை அளவில் இருந்தன.

திறப்பு விழாவும் நடத்தினேன். லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ரிப்பன் கட்டி, மாமா கையால் வெட்டவைத்தேன். குங்குமம் விசைகளுக்குள் போய் 'க' எழுத்து அன்றோடு வேலை செய்யவில்லை.

முதல் வாரத்தில் ஏகப்பட்ட பேர் பார்த்திருப்பதாகக் கணக்குக் காட்டியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், தங்கள் படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது போன் வர வர விளங்கியது. துபாய் மச்சான், தன்னுடைய பழைய படத்தை மாற்றச் சொன்னான். புளியங்குடிச் சித்தப்பாவுக்கு, பச்சைப்பிள்ளைகளுக்கு மேலே என்றாலும் கவுன்சிலருக்குக் கீழே தன்னைப் போட்டதில் பெரிய மனவருத்தம். அவருக்குக் கோபம் வந்தால் மண்டியில் நிற்கிறவர் போகிறவர் போனையெல்லாம் வாங்கிக் கூப்பிடுவார். சேலை ஒன்றுகூட விற்கவில்லை. நானோ படங்களை மேலும் கீழும் மாற்றி மாற்றி வைத்து மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தேன்.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் என் மனைவியைக் கூப்பிட்டாள். என் மனைவி சும்மா கட்டிப் பார்க்கக் கொடுத்த சேலை ஒன்றை யாரோ கட்டியிருக்கப் பார்த்து, விசாரித்து, வெப்சைட்டைத் திறந்திருக்கிறாள். ஆபீசில் வைத்துத் திறந்ததில் நாதஸ்வரம் ஊரைக் கூட்டிவிட்டதாம். இது கல்யாண மண்டபமா, சேலை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். என் மனைவி பதில் சொல்வதற்குள், மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு ரசனை போதாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மனைவி சண்டைக்கு வரவில்லை. தன் செல்லை என் கையில் கொடுத்தாள்.

"எங்கிட்ட ஒரு மஞ்சச் சேலை வாங்கிக் காட்டுங்க, பாப்போம்."

இதென்ன பெரிய வித்தை என்று திறந்தேன். விளக்கு எரிந்து முடிக்கிறவரை காத்திருந்தேன். நாதஸ்வரத்தை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தேடியபோதுதான், அப்படி ஒன்றை நான் வைக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. கவுன்சிலருக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒன்று குறுக்கே வந்து மறைத்தது. அதை மூடும் பெருக்கல் குறி உதிர்கிற ரோஜாவுக்குப் பின்னால் இருந்தது. கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மாமாவைத் தாண்டி, மாமனாரைத் தாண்டி, துபாயைத் தாண்டிப் போவதற்குள் செல் சூடாகி, பக்கம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மஞ்சள் சேலைக்கு நான் போய்ச் சேரவே இல்லை. செய்தவனே நான்தான்.

"சேலையில ஒத்தப் பூ கெடையாது," என்றாள் அவள். "அதப் பாக்க வாரவங்க தலையில எதுக்கு இத்தன பூவக் கொட்டுதீங்க?"

அன்றே வெட்ட ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், ஒவ்வொன்றுக்கும் நான் வக்கீலாக நின்று வாதாடினேன். பூ போகட்டும், விளக்கு மங்களகரம் என்றேன். விளக்கும் போனது. நாதஸ்வரத்தைக் கொஞ்சம் மெதுவாக வைக்கலாமே என்றேன். மழலைகளையாவது விட்டுவை என்றேன். அவர்களும் போனார்கள். கடைசியில் மாமா மட்டும் மிஞ்சினார். அவரைச் சின்னதாக்கி, ஒளிவட்டத்தை எடுத்துவிட்டு, ஓர் ஓரமாக நிறுத்தலாம் என்று கெஞ்சினேன். தறி அவருடையது, நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவார் என்றும் சொன்னேன். அது அவளுக்கும் தெரியும். அப்படியும் எடுங்கள் என்றாள். மாமாவைப் பெட்டியோடு தூக்கினேன்.

பிறகு பார்த்தால் வெள்ளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேலைகள். பெரிதாக, பக்கத்தில் விலை. ஒவ்வொன்றின் கீழும் 'வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்' என்று ஒரு வரி. எனக்கு அது இழவு வீடு மாதிரித் தெரிந்தது. அவள் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

என் வீரம் அதோடு முடிந்தது. மாமா வீட்டுத் தெரு வழியாகத்தான் நான் கடைக்குப் போக வேண்டும். அடுத்த இரண்டு நாளும் ரயில்வே ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றிப் போனேன். தெரியாத நம்பர் எதுவும் எடுக்கவில்லை. எல்லாம் புளியங்குடி மண்டியிலிருந்து சித்தப்பா வாங்கிப் பேசும் நம்பர்கள்தான் என்று எனக்கு நிச்சயம். போன் அடிக்க அடிக்கக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒன்றில் கவனமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மனைவி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த நேரத்தில் மாமாவே கடைக்கு வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எம் படம் எங்க மாப்ளே?"

சர்வர் மெட்ராஸில் இருக்கிறது, அங்கே மழை, அதனால் சில படங்கள் தெரியாது என்று நான் ஆரம்பித்தேன். நான் சொன்ன பொய்களிலேயே மட்டமானது அதுதான்.

"நாந்தான் மாமா எடுக்கச் சொன்னேன்," என்றாள் என் மனைவி. "வாரவங்களுக்குச் சேலை தெரியணும். ஒங்க மொகத்தப் பாத்து யாரும் சேலை வாங்க மாட்டாங்க."

மாமா அவளைப் பார்க்கவில்லை. தறியில் ஓடுகிற பாவு, அதாவது நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல், இந்த வாரத்தோடு தீர்கிறது, அடுத்த பாவை வியாபாரிக்கு ஏற்றச் சொல்லிவிட்டேன், தீபாவளி வரைக்கும் எல்லாம் இல்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவள் கையில் இருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். ஒரு படத்தை ஒழுங்காகப் போடவும் தெரியாமல், எடுக்கவும் தெரியாமல், அவளுடைய தறியை நானே நிறுத்திவிட்டேன்.

மாமா தன் செல்லில் வெப்சைட்டைத் தள்ளிக்கொண்டே போனார். தன் தறியில் நெய்த சேலைகளை அவ்வளவு பெரிதாக அவர் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது, நின்று நின்று பார்த்தார். கடைசிக்குப் போனதும் விரல் நின்றது.

"என்னைய எடுத்தாச்சு, சரி. பச்சப்பிள்ளைகள எடுத்தாச்சு, அதுவும் சரி. கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு இங்கன ஒருத்தரு நிக்காரே, இவரு யாரு?"

எட்டிப் பார்த்தேன். நான். 'வடிவமைப்பு' என்று போட்டு என் படம், என் கடைப் பெயர், என் செல் நம்பர். அத்தனை பேரையும் வெட்டிய என் கண்ணுக்கு அது மட்டும் தட்டுப்படவே இல்லை. எந்த ஃப்ளெக்ஸ் அடித்தாலும் அடியில் என்னைப் போட்டுக்கொள்வது கைப்பழக்கம். கண்ணீர் அஞ்சலியில்கூடப் போடுவேன்.

என் மனைவி படத்தைக் கவனிக்கவில்லை. நம்பரைத்தான் பார்த்தாள்.

"இது ஒங்க நம்பர்லா? எந்நம்பர் எங்க?"

அவளுடைய நம்பர் மாமாவின் பெட்டிக்குள் இருந்தது. மாமாவைத் தூக்கியபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. கூப்பிடுங்கள் என்று சேலைக்குச் சேலை எழுதிவைத்த வெப்சைட்டில் கூப்பிடுவதற்கு இருந்த ஒரே நம்பர் என்னுடையது. அவள் கை நீட்டினாள். கவிழ்ந்து கிடந்த போனை எடுத்துக் கொடுத்தேன். எடுக்காத அழைப்புகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றுகூடப் புளியங்குடி இல்லை என்பது அடுத்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது.

முதல் நம்பருக்கு அவள் போட்டாள். யாரும் எடுக்காததால் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம். அடுத்ததிலும் அதே பதில். சரிங்க, பரவாயில்லைங்க என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் நான் தரையைப் பார்த்தேன். மூன்றாவது, ஒரு பள்ளிக்கூட டீச்சர். அந்த மஞ்சள் சேலை இருக்கிறதா, எங்கள் டீச்சர்கள் எல்லாருக்குமே வேண்டும், இரண்டு நாளாகக் கூப்பிடுகிறேன், நீங்கள் யார், கடைக்காரரா என்று அந்த அம்மா கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"கடை இல்லீங்க," என்றாள் என் மனைவி. "நாந்தான் நெய்ய வைக்கேன். எஞ் சேலைதான்."

மாமா எழுந்து வாசலுக்குப் போனார். தறிக்கூடத்துக்குப் போன் போட்டு, அடுத்த பாவையும் மருமகளுக்கே ஏற்றச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் கடையில் தனியாக உட்கார்ந்து, முதலில் செய்த வெப்சைட்டை, லேப்டாப்பில் அழிக்காமல் வைத்திருந்ததை, ஒரு தடவை திறந்து பார்த்தேன். விளக்கு எரிந்தது, பூ உதிர்ந்தது. மாமா, மாமனார், அப்பா, அம்மா, துபாய், புளியங்குடி, கவுன்சிலர், மழலைகள், அடியில் நான். அவள் இல்லை. படம் இல்லை, பெயர்கூட இல்லை. யாரையும் விட்டுவிடக் கூடாது என்று பிழைப்பு நடத்துகிறவன், யாருக்காகச் செய்தேனோ அவளை விட்டிருக்கிறேன். அது அவள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக வந்தது.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். உன் படத்தை முகப்பிலேயே பெரிதாகப் போடப் போகிறேன், மேலே வெள்ளையாகத்தானே கிடக்கிறது, பின்னால் லேசாக ஓர் ஒளிவட்டம்கூட வைக்கலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"அங்கன சேலை இருந்தாப் போதும்," என்றாள். "நம்பர மாத்திட்டீங்களா?"

நான் இன்னும் மாற்றவில்லை.