கண்ணாடி டம்ளரில் ஏரித் தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுத் தறிக்குழியிலிருந்து ஒரு வாசனை கிளம்பும்; ஈரமண்ணும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் கலந்த வாசனை.

முசரவாக்கத்துக்கு அப்பால், ஏரிக்கரையை ஒட்டினாற்போல் எங்கள் தெரு. அப்பா காலையில் பட்டு நெய்வார், வெயில் தாழ்ந்ததும் ஏரிப் பாசனத்தில் இருந்த எங்கள் துண்டு நிலத்துக்குப் போவார். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிச் செங்கல் கட்டிய அந்தக் குழியில், ஏரி நிரம்பினால் தண்ணீர் ஊறும். கரையடி வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். அதனால் விடிந்ததும் பெண்கள் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். "தெளிவா வந்தா வெறும் ஊத்து. சேறா வந்தா, தண்ணி கரையைத் தின்னுக்கினு வருதுன்னு அர்த்தம்" என்பாள் அம்மா. அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த டம்ளரில் பால் கொடுத்தால்கூட எனக்கு இறங்காது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வருஷம் மழை பொய்த்து, கதிர் வருகிற நேரத்தில் பயிர் கருகிப் போயிருந்தது. அந்தச் சூடு ஆறாமல், அடுத்த வருஷம் ஏரி நிரம்பியதும் ஊர் ஆண்கள் கூடிப் பேசி, உபரித் தண்ணீர் வழிந்தோடும் "கலங்கல்" மேலே மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாதாம். முதல் மூட்டையைத் தூக்கியவர் அப்பா. அதற்கப்புறம் மழை விடவேயில்லை.

ஒரு காலை, டம்ளரில் தண்ணீர் டீயைப் போல இருந்தது.

"தோ பாருங்க. மூட்டைய எடுக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"கருகின பயிரைக் கட்டிக்கினு அழுதியே, மறந்துட்டியா? கலங்கலைத் திறந்தா முதல்ல முழுகறது அதுக்குக் கீழ இருக்கற நம்ம நடவுதான்டி."

எதிர்வீட்டு முனுசாமி மாமா சிரித்தார். "ஏரியே சும்மா இருக்குது, உன் வூட்டுக் குழிக்கு இன்னாம்மா அவ்ளோ பயம்?"

அப்பா சிரிக்கவில்லை. குழியில் கையை விட்டார். வெளியே வந்த கையில் கரை மண் குழைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு, வைக்கோல் போர் கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு கலங்கலுக்குக் கிளம்பினார். சிரித்த மாமாவும் பின்னாலேயே ஓடினார்.

கரை மேலிருந்த செல்லியம்மன் கோயிலை ஒட்டி அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏகாதசி தவறாமல் சின்ன காஞ்சிபுரம் போய் வரதரைச் சேவிக்கிறவள். அன்றைக்கு "வரதா, வரதா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். என் காலடியில் மண் மெத்தென்று அமுங்கியது. இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மாமாவும் ஊராரும் பிடித்திருக்க, அப்பா மார்பளவுத் தண்ணீரில் மூட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை பிய்த்துக்கொண்டு போனது. அதோடு அப்பாவின் தலையும் காணாமல் போனது.

"இழுங்கடா!" மாமாவின் குரல் கிறீச்சிட்டது.

அப்பா மேலே வந்து, இருமி, மூச்சு வாங்கிச் சொன்னது இதுதான்: "இன்னும் மூட்டை இருக்குது. கயித்தைத் தளர்த்துங்கபா."

உச்சிப்பொழுதுக்குள் எங்கள் நடவு முழுகியது. அப்பா கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரில் சிவப்பு குறைந்து தெளிய ரொம்ப நாள் பிடித்தது. கரை நின்றது.

இப்போது அப்பா இல்லை. அதே வீட்டில்தான் இருக்கிறேன். தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. மழையும் பழைய மழையாக இல்லை. மாசக்கணக்கில் ஏமாற்றிவிட்டு ஒரே மூச்சில் கொட்டுகிறது. எவ்வளவு பெய்யும் என்று போன் சொல்கிறது. கரைக்குள் என்ன நடக்கிறதென்று சொல்ல இனி வீட்டில் ஒன்றும் இல்லை. கோடையில் பயிர் காய்ந்துபோன கோபத்தில் இந்த வருஷம் பசங்கள் மறுபடி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். "ஒரே ஒரு வரிசைதான் அத்தை, பயப்படாதீங்க" என்கிறான் முனுசாமி மாமாவின் பேரன். வேண்டாமென்று எப்படிச் சொல்வேன்? கருகின பயிரையும் பார்த்தவள் நான். "நடுவுல வழி வுடுங்கபா, கயிறும் இப்பவே கொண்டாந்து வைங்க" என்று மட்டும் சொன்னேன். வழியை விட்டார்கள், கயிறு இன்னும் வரவில்லை.

தினமும் விடிந்ததும் விளக்கேற்றிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு கரையடிக்குப் போகிறேன், கசிகிற இடத்தில் மொண்டு வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்கிறேன். இன்றைக்குத் தெளிவாகத்தான் இருந்தது, வரதா. டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, கயிறு கேட்டு முனுசாமி மாமா வீட்டுப் பக்கம் நடந்தேன்.