துடிக்கிறது, சரிதான்

நர்ஸ் விட்ஸ்கெயின் இரண்டு விரல்கள் கிழவரின் கழுத்தில் இருந்தன. ஒன்றும் தட்டுப்படவில்லை. இடம் மாற்றி அழுத்தினாள். அங்கும் இல்லை. ஜன்னலோரக் கட்டிலுக்கு மேலே திரையில் பச்சைக் கோடு மட்டும் ஒழுங்காக எழுந்து விழுந்துகொண்டிருந்தது. நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம் என்று கிழவர் ரின்ஸெ போன வாரமே சொல்லிவிட்டார்.

வாசலில் நின்ற டாக்டர் பாங்மா கேட்டார்: "இவர் பேஸ்மேக்கர் வச்சவர்தானே?"

"க்ளொப்ட்," என்றாள்.

'சரிதான்' என்பதற்கு டச்சில் எல்லோரும் சொல்வது. அன்றைக்கு அடுத்தடுத்து இரண்டாவது ஷிப்ட்; கால்கள் வீங்கியிருந்தன; வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த கிழவரின் மனைவி யிக்கெ கைப்பேசியை எடுத்தாள். "யெல்லெ, அப்பாவுக்குத் துடிக்குதாம்டா. சிஸ்டரே சொல்லிட்டாங்க. நீ மாட்டைக் கறந்து முடிச்சிட்டே வா."

இதயத்தைப் பற்றிய பேச்சில் அதே சொல்லுக்குத் துடிக்கிறது என்று பொருள். கட்டிலருகே அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாதென்பது வார்டில் விட்ஸ்கெயே போட்ட விதி.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

"அம்மா, நான் டாக்டருக்குத்தான் பதில் சொன்னேன். பேஸ்மேக்கர் இருக்குன்னு."

"கோடு ஓடுதே, சிஸ்டர்."

"கையைக் கொடுங்க." அந்தக் கையை ரின்ஸெயின் நெஞ்சில் வைத்தாள். "திரையைப் பாருங்க. கோடு எழும்புறப்ப கைக்கு ஏதாவது தெரியுதா?"

யிக்கெ வெகுநேரம் பார்த்தாள். கோடு எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

"இல்ல."

"திரையில ஓடுறது கரண்ட் மட்டுந்தாம்மா. சுருங்குன்னு அந்த மெஷின் சொல்லிக்கிட்டே இருக்கு. சதை கேக்கல."

"கேக்காது," என்றாள் யிக்கெ. "கல்யாணமான நாள்லேருந்து யார் சொல்லிக் கேட்டிருக்கார் இந்த மனுசன்?"

கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் மறுபடி மகனைக் கூப்பிட்டாள்.

"யெல்லெ, கறந்து முடிச்சிட்டே வா. இனி அவசரமில்ல."

விட்ஸ்கெ எழுந்து திரையை அணைத்தாள்.

மறுநாள் மழை. உடலை எரிக்கும்போது வெடிக்கும் என்பதால் பேஸ்மேக்கரை எடுத்துவிட்டார்கள். காலைப் பொறுப்பு மாற்றத்தில் பாங்மா, "ஜன்னலோரக் கட்டில் காலிதானே?" என்றார். இந்தத் தடவை, "ஆமா," என்றாள் விட்ஸ்கெ. மதியம் அதில் ஒரு படகோட்டி வந்து படுத்தார். ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் வீட்டுக்குப் போனாள். எதிர்க்காற்று. பாதி வழி இறங்கித் தள்ளினாள்.