துரைக்கு வெச்ச பிராந்தி

ராயபுரம் கல்லறையில எங்கப்பாவுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக்காரத் துரை படுத்திருந்தார். யுத்தத்துல செத்த ஆபீசர்னு மட்டும் தெரியும். கேட்பாரில்லாம கெடக்குறாரேன்னு எங்கம்மா அவரையும் சேர்த்துக்கிச்சு. கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்குச் சுண்ணாம்பு அடிச்ச மிச்சம் துரைக்கு. வருஷா வருஷம் அடிச்சதுல கல்லுல இருந்த எழுத்தெல்லாம் மூடிப்போச்சு.

கல்லறையில படைக்கிற வஞ்சிர வறுவல்ல பெரிய துண்டா பார்த்துத் துரைக்குப் போவும். எனக்குப் பத்திகினு வரும். துரைன்னா வயசானவராத்தான் இருப்பாருன்னு அம்மாவே முடிவு பண்ணி ஒரு சுருட்டும், கிளாஸ்ல பிராந்தியும் வைக்கும். மதுவிலக்கு நாள்ல அது எப்படிக் கெடைச்சுதுன்னு கேட்டா முதுகுல விழும். அப்பாவுக்கு மட்டும் ஒரு சொட்டு கெடையாது. "உசுரோட இருக்கச் சொல்ல குடிச்சது போதும்"னுடும்.

நான் காலேஜ் சேர்ந்த வருஷம், அதே திருநாளன்னிக்கு, கல்லறைக் காவக்காரர் ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிகினு வந்தார். ஸ்காட்லாந்தாம். தம்பி கல்லறையைத் தேடிகினு வந்திருக்காங்க. வரிசை வரிசையா பார்த்தும் கெடைக்கல. பாக்கி இருந்தது நம்ம துரைதான்.

காவக்காரர் தேங்கா ஓட்டால சுரண்டினார். பேர் வந்துச்சு. அந்தம்மா அப்படியே மண்ணுல ஒக்காந்துட்டாங்க. கீழே வயசும் வந்துச்சு. படிச்சுச் சொன்னேன், இருபத்திரண்டு.

அம்மா வாயில அடிச்சுக்கிச்சு. "அடப்பாவமே, உங்கண்ணன விடச் சின்னப் புள்ளடீ! அதுக்கா சுருட்டு வெச்சேன்!"

அதுக்குள்ள அந்தம்மா, துரைக்கு வெச்சிருந்த கிளாஸை மோந்து பார்த்துட்டாங்க. அவங்க அப்பா ஒரு பாதிரியார்னும், வூட்ல யாரும் குடியைத் தொட்டதில்லன்னும் சொன்னாங்க. அம்மாகிட்ட சொன்னேன். அதுக்கு மூஞ்சே செத்துப்போச்சு.

"இன்னாடீ மரமாட்டம் நிக்கிற? அது எங்க பயக்கம், புள்ள மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லு. தங்கமான புள்ள, இத்தினி வருசமா ஒரு வம்புக்குப் போனதில்லன்னு சொல்லுடீ!"

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல வம்புக்கு வார்த்தை இல்ல. "குட் பாய், வெரி குட் பாய்"னு சொல்லி வெச்சேன்.

அந்தம்மா கிளாஸைத் தூக்கி ஒரே மடக்கா குடிச்சாங்க. பழக்கமில்லாத சரக்கு, புரையேறிப்போச்சு. அம்மா ஓடிப்போய் அவங்க உச்சந்தலையில தட்டிச்சு. "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. யாரோ நெனைக்கிறாங்க."

இன்னா சொல்றாங்கன்னு இருமிகினே என்னைக் கேட்டாங்க. சொன்னேன். ஒரு கையால தம்பி கல்லைப் புடிச்சிகினு, எங்கம்மா தட்டத் தட்டக் குலுங்கிக் குலுங்கி அழுதாங்க.