பாக்கெட் வெச்ச மரமும் வெக்காத மரமும்

பர்வீன் அக்கா சேனல்ல இருந்து நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. புது வீடியோன்னு ஆசையாத் தொறந்தா, அவங்க வூட்டுக்காரர் சலீம் பாய் அக்கா போட்டோவ வெச்சு ரெண்டு வரி போட்டிருந்தாரு. நெஞ்சு வலியாம். அக்கா தவறிட்டாங்க. ஓடற பஸ்ஸுல "அய்யோ"ன்னு கத்திட்டேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அக்கா பொம்மிடியில டெய்லர். மதியம் கடைக்கு ஆள் வராத நேரமாப் பாத்து, போனைச் சாச்சு வெச்சு மரங்களப் பத்திப் பேசுவாங்க. நான் பார்த்த மொத வீடியோ, கிறிஸ்மஸ் மரமும் புங்கனும்.

"கிறிஸ்மஸ் மரம் பாக்கெட் இல்லாத சட்டைங்க. பூ கெடயாது, பழம் கெடயாது, வெத கூம்போட செதிலு மேல வெளியவே உக்காந்திருக்கும். புங்கன் பூக்கும், காய்க்கும், வெதய உள்ளாரப் பத்திரமா வெச்சுக்கும். அது பாக்கெட் வெச்சுத் தெச்ச சட்டை."

நான் போட்ட கமெண்ட்: "பிளவுஸ் தெய்ங்கக்கா, பாட்டனி வேணாம்." ரெண்டே நிமிசத்துல பதில்: "அளவு அனுப்பு தம்பி, உனக்கே தெச்சுரலாம்." அதுக்கப்பறம் ஒரு வீடியோ விட்டதில்ல நானு.

போன மாசம் அவங்க ஊர் மரக்குழு, ஏரிக்கரை முழுக்க கிறிஸ்மஸ் மரம் வெக்கறோம்னாங்க. போட்டோவுல எடுப்பா நிக்குமாம்! அக்கா நேர்லயே போய்க் கேட்டாங்க, அதையும் வீடியோவாப் போட்டிருந்தாங்க: "நம்மூரு வெயிலுக்கு நெழலு வேணாமாங்க? ஆடு மேய்க்கறவங்க எதுக்கடியில உக்காருவாங்க? புங்கன் வெய்ங்க." குழுத் தலைவர், "போம்மா, போய் மிஷினை மிதி"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும். மொத கமெண்ட்டுல நானும் அப்படிச் சிரிச்சவன்தானே.

நேத்து ஏரிக்கரைக்குப் போனா, அதே தலைவரு மைக்குல "மரங்களின் தாய்"ங்கறாரு! அக்கா ஞாபகமா மரம் நடறாங்களாம். குழியில என்ன நிக்குது? கிறிஸ்மஸ் மரம்! பக்கத்துல அக்கா பேரு எழுதின பலகை. ஒடம்பே எரிஞ்சுது எனக்கு.

"அவங்க வேணாம்னு சொன்ன மரம்ங்க இது!"

"செத்தவங்க பேர்ல தகராறு பண்ணாத தம்பி"ன்னு ரெண்டு பேரு என்னை இழுத்தாங்க.

மொத மண்ணு போட சலீம் பாயக் கூப்பிட்டாங்க. அவரு சத்தம் போட்டே யாரும் கேட்டதில்ல. மரத்தையே பாத்தாரு.

"இது பூக்குங்களா?"

"கிறிஸ்மஸ் மரம் எங்க பாய் பூக்கும்?"

"அப்ப எங்க வூட்டுக்காரம்மா பேரு இங்க வேணாங்க."

பலகையப் புடுங்கி, மண்ணத் தட்டி, அக்குள்ள இடுக்கிக்கிட்டு வூட்டப் பாத்து நடந்துட்டாரு.

போய் வாங்கக்கா. எனக்குக் கோவம் இன்னும் அடங்கல, அடங்கவும் வேணாம். ஆனா உங்க பேரு அந்த மரத்தடியில இல்ல.