சனிக்கிழமை மட்டும்

பதினேழு ஆண்டுகளில் இந்த அறைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் குடிகாரர் இல்லை. நண்பர்களின் மனம் நோகக் கூடாதே என்று கோப்பையைக் கையில் வாங்கியவர்கள், உடம்பு வலிக்கு மருந்தாகச் சாப்பிட்டவர்கள், 'எப்ப வேணாலும் நிறுத்திடுவேன்' என்று சொல்லி அதற்குச் சான்றாகப் பல தடவை நிறுத்தியும் காட்டியவர்கள். இத்தனை நல்லவர்களையும் எதிரே உட்காரவைத்து, போதை மீட்பு இல்லத்தில் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதுதான் இந்த அறையில் இருக்கும் பெண்ணின் வேலை.

சக ஊழியர்கள் வைத்த பெயர் சல்லடை. அவருக்கும் தெரியும். "உலக்கைன்னு வைக்காம விட்டாங்களே" என்பார். அவருடைய அறையில் நாற்காலி இரண்டுதான். உடன் வருபவர்கள் நிற்க வேண்டும். நிற்பவர்கள் பொய்யைச் சுருக்கமாகச் சொல்வார்கள் என்பது அவர் அனுபவம்.

"குடிப்பீங்களா?" என்று அவர் கேட்பதே இல்லை. காலையில் பல் விளக்கும்போது குமட்டுகிறதா, சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள் என்று விசாரிப்பார். வந்தவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில்கள் வேறு கேள்விகளுக்கானவை என்பதால் திகைத்துப்போவார். ஆள் சொல்லும் அளவை இரண்டால் பெருக்குவார். மனைவி சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்வார். அம்மா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எந்த அம்மாவின் பிள்ளையும் தானாகக் கெட்டதில்லை. கடைசியில் கையை நீட்டச் சொல்லி விரல்களின்மேல் ஒரு காகிதத்தை வைப்பார். வாய் மறுத்ததையெல்லாம் காகிதம் ஆடி ஒப்புக்கொள்ளும்.

போன திங்கட்கிழமை ஒரு வங்கி மேலாளர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மழித்த முகம், மோவாயில் இரண்டு வெட்டுக்காயம். பின்னால் மனைவியும் மனைவியின் அண்ணனும் நின்றார்கள். முதுகுவலிக்குச் சிகிச்சை என்று வங்கியில் விடுப்பு வாங்கியாயிற்று என்றார் அண்ணன். குடும்ப மானம் முதுகெலும்பில் பத்திரமாக இருந்தது.

"சும்மா பழக்கந்தான் மேடம். சனிக்கிழமை மட்டும்" என்றார் மேலாளர்.

"உங்களுக்கு வாரத்துக்கு எத்தனை சனிக்கிழமை வருது?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு, பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு தன் சாதனையைச் சொன்னார். "மூணு நாளா ஒரு சொட்டுகூடத் தொடலை மேடம். ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். சுத்தமாத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதுபோல, மீட்பு இல்லத்துக்கு வருமுன் கணவரைத் துடைத்துக் கொண்டுவரும் குடும்பங்கள் சல்லடைக்குப் புதிதல்ல. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாள்தான் ஆபத்து. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், சிலர் பிழைப்பதே இல்லை. இதை எந்த உறவினரும் சொல்வதில்லை. 'இன்னையோட விட்டுத் தொலை' என்று சொல்ல மட்டும் தெருவே திரண்டு வரும்.

சல்லடை பேனாவை மூடினார். காகிதத்துக்கு வேலை இருக்கவில்லை. மேலாளர் மேசைமேல் எதையோ ஒவ்வொன்றாக, வெகு மரியாதையாக, ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் அது?"

"எறும்பு மேடம். உங்க மேஜை பூரா இருக்கு."

மேசையில் எறும்பு இல்லை. மனைவியின் முகத்திலிருந்து சாதனை இறங்கிப்போனது.

சல்லடை நாடி பார்த்தார், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். இங்கே இப்போது சேர்க்க முடியாது, முதலில் பெரிய மருத்துவமனை என்றார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இடம் இருக்கிறது என்று சொல்லித்தானே வரச் சொன்னீர்கள், மாப்பிள்ளை தன் காலால்தானே நடந்து வந்தார், ஆம்புலன்ஸில் ஏற்றினால் ஊருக்கே தெரிந்துவிடாதா என்று அடுக்கினார்.

"இங்க ராத்திரியில டாக்டர் கிடையாது. அப்புறம் மாப்பிள்ளை முதுகுவலியில செத்தாருன்னு சொல்லிக்கிறீங்களா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லதுன்னு நெனைச்சுத்தான் மேடம் பூட்டுனேன்" என்றார் மனைவி.

"தெரியும்மா. அங்க டாக்டர் கேப்பாரு. இந்த மூணு நாளையும் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி தினம் எவ்வளவுன்னும் சொல்லுங்க. சனிக்கிழமைக் கதை வேணாம்."

மனைவி அண்ணனைப் பார்க்கவில்லை. "காலையில கண்ணு முழிச்சதுமே ஆரம்பிச்சுடுவாரு. அரை பாட்டில், சில நாள் முழுசு" என்றார். அந்த அறையில் அன்று யாரும் இரண்டால் பெருக்கத் தேவையில்லாத முதல் பதில் அது.

அந்த நேரம் பார்த்து உதவியாளர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். மேலாளர் பதறிப்போனார். "மேடம், டீயில ஏறுது."

சல்லடை இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தட்டை எடுத்துக் கோப்பையை மூடினார்.

மேலாளர் இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். வருகிற வியாழக்கிழமை இங்கே மாற்றுகிறார்கள்.